இயற்கை எழில் கொஞ்சும் ஊட்டி (தயாரிப்பு: 1819)

ஊட்டின்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது? ஏரியில படகு, பொட்டானிக்கல் கார்டன், மலை ரயில், தைலம், வர்க்கி, கேரட், டீத்தோட்டம், அப்புறம் சினிமாவுல ஹீரோவும் ஹீரோயினும் சுத்திச் சுத்தி ஓடற உயரமான மரங்கள். சரியா? இப்ப ஒரு மேட்டர் சொல்றேன். 1819-க்கு முன்னாடி நீங்க அந்த மலையில ஏறிப் பார்த்திருந்தா, இந்தப் பட்டியல்ல ஒண்ணுகூட அங்க இருந்திருக்காது. குளிர் மட்டும்தான் ஒரிஜினல்.

எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் டீம் அவுட்டிங் எங்கேன்னு ஓட்டெடுப்பு நடக்கும். கோவா, மூணாறு, பாண்டிச்சேரின்னு சுத்திட்டு கடைசில ஊட்டிலதான் வந்து நிக்கும். ஏன்யான்னு கேட்டா, "ரெண்டு நாள் ஆணி புடுங்காம இயற்கையோட இருக்கலாம்ல" என்பார்கள். அந்த 'இயற்கை'ங்கற வார்த்தைதான் என்னை உறுத்திக்கிட்டே இருந்தது. யார் செஞ்ச இயற்கை, எப்ப செஞ்சதுன்னு தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு பழைய பொய்யை ஓரங்கட்டிடுவோம். "ஊட்டியைக் கண்டுபிடித்தவர் ஜான் சல்லிவன்" என்று பொது அறிவுப் புத்தகத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்தோமே, அது. மலை தொலைஞ்சு போயிருந்தாத்தானே கண்டுபிடிக்கணும்? தோடர், கோத்தர், குறும்பர், படகர்னு அங்க ஏற்கெனவே ஜனங்க இருந்தாங்க. தோடர்களிடம் எருமை, பால், நெய். கோத்தர்களிடம் இரும்பு வேலையும் பானையும் இசையும். படகர்களிடம் விவசாயம். ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்கி வாழ்ந்த ஒரு உலகம் அது. வெள்ளைக்காரர்களிலேயே சல்லிவன் முதல் ஆள் கிடையாது. 1603-ல் ஃபெனிசியோ என்கிற ஏசுசபைப் பாதிரியார் கேரளப் பக்கத்திலிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1799-ல் திப்பு இறந்தபின் மலை கம்பெனி கைக்கு வந்தது. 1812-ல் வில்லியம் கீஸ் என்ற சர்வேயர் மேலே போனார். அவர் வருவாய்த் துறை சர்வேயர் என்பதைக் கவனிங்க. அழகை ரசிக்க அனுப்பின ஆள் இல்லை.

ஊர்ப் பேரும் அவங்களோடதுதான். தோடர் குடியிருப்புக்கு 'மந்து'ன்னு பேரு. ஒத்தைக்கல் மந்துதான் வெள்ளைக்காரன் நாக்குல புரண்டு உருண்டு ஊட்டகமண்ட் ஆகி, கடைசில ஊட்டி ஆச்சுன்னு சொல்வாங்க. நாம அதை உதகமண்டலம்னு ஆக்கிக்கிட்டோம்.

அப்ப மலை எப்படி இருந்தது? மேட்டுல எல்லாம் புல்வெளி. ரெண்டு மேடு சேர்ற பள்ளத்துல மட்டும் குட்டையான, நெருக்கமான சோலைக்காடு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புல்வெளி முழுக்கக் குறிஞ்சி பூக்கும். நீலகிரிங்கற பேரே அதனாலதான்னு ஒரு கட்சி உண்டு. பெய்யற மழையைப் புல்லும் சோலையும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வெச்சுக்கிட்டு, வருஷம் பூரா ஓடையில கொஞ்சம் கொஞ்சமா விடும். கீழ பவானி ஓடறது அந்தத் தண்ணியில. இந்தப் புல்வெளியைத்தான் பின்னாடி வந்தவங்க காகிதத்துல 'தரிசு'ன்னு எழுதினாங்க. மரம் இல்லைன்னா வெட்டி நிலம்னு ஒரு கணக்கு.

சரி, வெள்ளைக்காரனுக்கு ஏன் இந்த மலை அவ்வளவு தேவைப்பட்டது? உல்லாசமெல்லாம் அப்புறம் வந்தது. முதல் காரணம் சாவு பயம். சமவெளியில மலேரியா, காலரா, வயிற்றுப்போக்கு. உடம்பு கெட்டா இங்கிலாந்துக்குத்தான் அனுப்பணும். சூயஸ் கால்வாய் (1869) வராத காலம். ஆப்பிரிக்காவைச் சுத்திப் பாய்மரக் கப்பல்ல போகவே பல மாசம் ஆகும். இங்கேயே ஒரு இங்கிலாந்து இருந்தா எவ்வளவு மிச்சம்! சிம்லா, டார்ஜிலிங் எல்லாம் அநேகமா இதே கணக்குதான்.

சல்லிவன் 1815-லிருந்து கோயம்புத்தூர் கலெக்டர். 1819 ஜனவரியில் மலை ஏறினார். கோத்தகிரி பக்கம் திம்பட்டியில் முதல் வீடு. அப்புறம் 1822-ல் ஊட்டியில் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். ஜனங்க வெச்ச பேரு கல் பங்களா. அது இன்றைக்கும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.

நிலம் எப்படிக் கிடைத்தது? தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு. ஆமாங்க, ஒரு ரூபாய்! இதுல சல்லிவனை ஒரேயடியா வில்லன்னும் சொல்ல முடியல, அங்கதான் எனக்குக் குழப்பம். "இந்த மலை தோடர்களுக்கே சொந்தம், அவர்களுக்குப் பணம் கொடுக்காமல் எடுக்கக்கூடாது" என்று கம்பெனி அரசாங்கத்தோடு வருஷக்கணக்கா மல்லுக்கட்டினவரும் இதே சல்லிவன்தான். கொழுத்த நிலம் வாங்கிப் போட்டவரும் அவர்தான். அவர் வாதம் எடுபடவில்லை. தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு, நிலத்தின் மேல் முழு உடைமை கிடையாது என்றுதான் அரசாங்கம் கடைசியில் முடிவு செய்தது. சொந்தக்காரன் ஒரே கையெழுத்துல வாடகைக்காரன் ஆன கதை. அந்த மலை சல்லிவனிடமும் வாங்கிக்கொண்டது. 1838-ல் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அடுத்தடுத்து இறந்தார்கள். செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறையில் இருக்கிறார்கள். அந்த சர்ச்சோட உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட அரண்மனையைப் பிரிச்சுக் கொண்டுவந்தவை.

ஏரிக்கு வருவோம். 1823 முதல் 1825 வரை சல்லிவன் ஓடையை மறிச்சுக் கட்டின செயற்கை ஏரி அது. பாசனத்துக்காகன்னு தொடங்கின வேலை. இப்ப நாம பார்க்கறது அதுல மிஞ்சின பகுதிதான். பஸ் ஸ்டாண்ட், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் அந்தக் காலத்து ஏரிப்படுகையில வந்தவை. அதாவது ஊட்டி பஸ் ஸ்டாண்ட்ல இறங்கறப்பவே நீங்க ஏரிக்குள்ளதான் கால் வெக்கறீங்க :-)

ஊர் ஆனபின் விருந்தாளிகள் வராமல் இருப்பார்களா? 1834-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடம்பு தேற ஊட்டியில் இருந்தார். அவரைப் பார்க்க சென்னையில் கப்பலிறங்கிய ஒருத்தர் கிட்டத்தட்ட நானூறு மைல் பல்லக்கில் வந்தார். சும்மா இல்லை, மனுஷன் தோள்ல. வந்தவர் மெக்காலே. அடுத்த வருஷமே இங்கிலீஷ் படிப்புக்கான குறிப்பை எழுதி, நான் இன்னிக்குப் பொட்டி தட்டிச் சோறு தின்ன மறைமுகமா வழி பண்ணின அதே மெக்காலே. அவர் வந்த நேரம் மழை பிடிச்சுக்கிச்சு, மாசக்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. கையில் இருந்த 'கிளாரிஸா' நாவலைச் சுற்றுக்கு விட, ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரக் கூட்டமே படிச்சுப் படிச்சு அழுததாம். தூக்கிக்கிட்டு வந்தவங்க அந்த மழைல எங்க ஒதுங்கினாங்கன்னு யாரும் எழுதி வெக்கல.

1847-ல் ரிச்சர்ட் பர்ட்டன் சீக்கு லீவுல வந்தார். ஆமா, பின்னாடி ஆயிரத்தொரு இரவுகளை மொழிபெயர்த்தவரேதான். போரடிச்சுப் போய், கோவாவையும் நீலமலையையும் கிண்டலடிச்சு ஒரு புத்தகமே எழுதினார் (1851). பயணக் கட்டுரையில் ஊரைக் கலாய்ப்பது நம்ம கண்டுபிடிப்புன்னு நினைச்சுக்க வேண்டாம், மக்களே.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். குளிருக்குக் கணப்பு வேணும், கணப்புக்கு விறகு வேணும். ஊர் பெருகப் பெருகச் சோலைகள் அடுப்புக்குப் போக ஆரம்பித்தன. சோலை மரம் மெதுவா வளர்றது. வெட்டினா திரும்ப வர ரொம்ப காலம் ஆகும். அதுக்கு மாற்றா வேகமா வளர்ற மரம் எதுன்னு தேடி, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும், 1840-களில் யூகலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். ஊர்க்காரர்கள் பாஷையில் கற்பூர மரம். சோலை போன இடத்துல நட்டா கூடப் பரவாயில்ல. 'தரிசு' புல்வெளியிலயும் நட்டாங்க, அந்த வேலை சுதந்திரத்துக்கு அப்புறமும் நின்னபாடில்லை. சீகை தானா பரவி, வெட்டினாலும் முளைக்குது. கற்பூர மரம் தண்ணியை இழுக்குது. எருமை மேய்ச்சல் போச்சு, குறிஞ்சி ஒதுங்கிச்சு. நாம ஜன்னல் வழியா "வாவ், காடு!"ன்னு போட்டோ எடுக்கறது அநேகமா இந்த விறகுத் தோட்டத்தைத்தான். இப்ப வனத்துறை சீகையை வெட்டி எடுத்துட்டு, புல்வெளியை மீட்டுக் கொண்டுவரப் பார்க்குது. நடறதுக்கு ஆன காலத்தை விடப் பிடுங்க அதிக காலம் ஆகும்போல.

பொட்டானிக்கல் கார்டன் 1848. கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர்தான் சதுப்பும் சரிவுமா இருந்த இடத்தை அப்படி மாத்தினார். 1860-களில் தென்னமெரிக்காவின் சின்கோனா மரத்தை நீலகிரியில் வளர்த்ததிலும் அவர் பங்கு பெரிசு. மலேரியாவுக்கான கொய்னா அதன் பட்டையில் இருந்துதான் வரும். நடுவட்டம் பக்கத் தோட்டங்களில் வேலை செய்தது யார் தெரியுமா? சீனக் கைதிகள்! மலாயா பக்கத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களை அடைத்து வைத்த சிறை நடுவட்டத்தில் இன்னும் இருக்கிறது. கூடலூர் ரோட்டில் போகிறவர்கள் அவசியம் இறங்கிப் பாருங்க.

1870-களிலிருந்து கோடைக்காலம் வந்தா மெட்ராஸ் அரசாங்கமே மூட்டை கட்டிக்கிட்டு ஊட்டிக்கு ஏறிடும். கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தா, ஃபைல் சகிதம். இன்னிக்கு ராஜ்பவனா இருக்கற மாளிகை பக்கிங்ஹாம் பிரபு காலத்தில் எழுந்தது. கிளப், பந்தயம், வேட்டைன்னு ஊர் களைகட்டினது அப்பதான். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன. மலர்க் கண்காட்சி 1896-ல் தொடங்கியது.

அப்புறம் ரயில். மெக்கானிக்கல் படிச்சவன்கிறதால இந்த இடத்துல கொஞ்சம் ஓவரா பேசுவேன், பொறுத்துக்கணும். 1854-லேயே யோசனை வந்துவிட்டது. 1891-ல் வேலை ஆரம்பித்து 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை வந்தது. 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 சொச்சம். கல்லாறு தாண்டினதும் பன்னிரண்டு அடி போனா ஒரு அடி ஏறணும். வெறும் சக்கரம் வழுக்கிடும். அதனால ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச ரெண்டு இரும்புப் பட்டைகள். ஒண்ணோட பல்லும் இன்னொண்ணோட பல்லும் நேரா இல்லாம மாறி மாறி இருக்கும். இன்ஜினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கும். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். சுவிட்சர்லாந்தின் ஆப்ட் என்ற இன்ஜினியரின் முறை. ஆசியாவிலேயே செங்குத்தான ரயில்பாதைகளில் ஒன்று. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மலையைக் குடைஞ்சு 16 குகை, 250 பாலம் கட்டின கூலிகள் பேர் எந்தப் பலகையிலும் இல்லை.

வெள்ளைக்காரன் போனபின் சினிமா வந்தது. 'மூன்றாம் பிறை'யின் (1982) கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷன்தான். தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்துக்கு ஹனிமூன்னா ஊட்டின்னு ஆனதுல சினிமாவுக்குப் பெரிய பங்கு.

டீத்தோட்டத்துக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கு. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் லட்சக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை 'தாயகம் திரும்பியோர்' என்றார்கள். அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் ஆரம்பிச்சது, கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம். அதுக்கும் காடு அழிஞ்சது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற மாதிரி சில விஷயத்துல யாரைத் திட்டறதுன்னே தெரியாது.

கடைசியா நம்ம காலம். சீசனில் நாளொன்றுக்கு 20 ஆயிரம் வண்டிகளுக்கு மேல் நீலகிரிக்குள் போவதாக வந்த கணக்கைப் பார்த்து, 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கித்தான் ஏற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது. வியாபாரிகள் கடையடைப்பு செஞ்சாங்க. அவங்க கவலையும் நிஜம்தான். லாட்ஜும் டாக்ஸியும் இல்லாம அந்த ஊருக்குப் பிழைப்பு ஏது? இருநூறு வருஷமா வெளியாளை நம்பியே கட்டின ஊராச்சே.

அடுத்த அவுட்டிங்குக்கும் ஊட்டிதான் ஜெயிக்கும்னு நினைக்கறேன். நானும் போவேன். போறவங்களுக்கு ஒரு தகவல்: பொட்டானிக்கல் கார்டன்ல கண்ணாடி மாளிகையோட திரும்பிடாம, மேல ஏறிப் போனா ஒரு தோடர் மந்து இருக்கு. தோட்டத்துக்கு முன்னாடியிருந்தே அவங்க அந்த மலைச்சரிவுல இருக்காங்க. வீட்டு வாசல்ல கேமராவைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.