16.5 மில்லிமீட்டர்

மாடல் ரயில் கட்டுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கையால் செய்தோம்; இன்று எல்லாம் பெட்டியில் வந்து இறங்குகிறது; ஆத்மா போய்விட்டது. லிவர்பூலில் 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் கடை, 2024 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தபோது இந்தப் பல்லவி இன்னொரு சுற்று வந்தது. இந்தத் துக்கம் பொய் என்பதல்ல என் கட்சி. எதை இழந்ததாகத் துக்கப்படுகிறார்களோ அது அவர்கள் சொல்லும் இடத்தில் இருந்ததில்லை என்பதே.

ஆரம்பத்தில் இந்தப் பொழுதுபோக்கில் ஏக்கம் என்ற சமாச்சாரமே கிடையாது. ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊரின் மார்க்லின் கம்பெனி 1891இல் லைப்ஸிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்களை நிர்ணயமான அளவுகளில் கொண்டுவந்து வைத்தது. இன்று ஒரு வண்டி, அடுத்த வருஷம் கொஞ்சம் தண்டவாளம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். வியாபாரம் முதலிலேயே உள்ளே இருந்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் ரயில்களை விற்கத் தொடங்கினார். அவையும் பெட்டியில்தான் வந்தன. 1938இல் வந்த ஹார்ன்பி டப்லோ வரிசையின் முதல் எஞ்சின்களில் ஒன்று, காற்றைக் கிழிக்கும் வடிவம் கொண்ட ஏ4 வகை. அசல் ஏ4 தண்டவாளத்துக்கு வந்தது 1935இல்; அவ்வகையைச் சேர்ந்த மல்லார்ட் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களில் சாதனை படைத்தது அதே 1938 ஜூலையில். அன்றைய பையன் தரையில் ஓட்டியது பழைமையை அல்ல; நாளைய தினத்தை. அதே பொம்மையை இன்று கண்ணீரோடு ஏலம் எடுக்கிறவர் வாங்குவது வேறொரு பொருள்.

இந்த மரபின் மையத்தில் ஒரு பொய் உட்கார்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்ற அளவில் 16.5 மில்லிமீட்டர் தண்டவாள அகலம் சரியாக வரும். ஆனால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடச் சிறியவை. அந்த அளவில் செய்தால் அக்கால மோட்டார் உள்ளே நுழையாது. எனவே எஞ்சினையும் பெட்டிகளையும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். விளைவு, 4 அடி 8½ அங்குலமாக இருக்க வேண்டிய பாதை 4 அடி 1½ அங்குலமாகச் சுருங்கிவிட்டது. குறுகிய கால்களின் மேல் பருத்த உடம்பு. பிரிட்டனில் பெரும்பாலோர் இன்றும் இதில்தான் ஓட்டுகிறார்கள். பொறுக்க முடியாத சிலர் 1960களில் 18.83 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டு, சக்கரம் முதல் புதிதாகத் தொடங்கினார்கள். வித்தியாசம் 2.33 மில்லிமீட்டர். இதற்காகச் சிலர் ஆயுளையே செலவிட்டதை வெறும் பைத்தியம் என்று என்னால் தள்ள முடியவில்லை. ஒரு சொல் சரியில்லை என்று பக்கத்தையே கிழித்துப்போடுகிறவனுக்கு இது புரியும்.

ஏக்கம் எப்போது வந்தது? 1950களில் ஸிரில் ஃப்ரீஸர் என்ற பத்திரிகாசிரியர், வீட்டில் இடமில்லாதவர்களுக்காகச் சிறிய அமைப்புகளின் வரைபடங்களைப் போட்டுக்கொண்டிருந்தார். கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன் பலருக்கு வசதியாக இருந்தது. ஒரு பிளாட்பாரம், ஒரு கூட்ஸ் ஷெட், ஒரு சிறிய எஞ்சின் போதும். ஒரு பலகையில் அடங்கிவிடும். காரணம் இடப்பஞ்சம், அவ்வளவே. 1963இல் பீச்சிங் அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதானப் பாதைகளில் நீராவி அணைந்தது. பலகையில் இருந்த ஸ்டேஷன் ஒரு அங்குலமும் மாறவில்லை. ஆனால் அது இரங்கற்பா ஆகிவிட்டது. உருவம் அதேதான். சரித்திரம் அதற்குள் வேறு அர்த்தத்தை ஊற்றிவிட்டுப் போயிற்று. உருவம், உள்ளடக்கம் என்று நாம் வருஷக்கணக்காக விவாதிப்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ராய் இங்க்லண்ட் ஆஸ்திரேலியர். 1925இல் இங்கிலாந்து வந்தவர், வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் வைக்கோல் கூரை வீடுகள் மாற்றப்பட்டும் இடிக்கப்பட்டும் மறைவதைக் கண்டார். அவர் புலம்பவில்லை, அளந்தார். ஜன்னல் எவ்வளவு, கூரையின் சரிவு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு அவற்றைச் சிறிய அளவில் கட்டத் தொடங்கினார். 1954இல் லாங் விட்டன்ஹாமில் பெண்டன் மியூசியம் அதிலிருந்து பிறந்தது. அவர் 1995இல் இறந்த பிறகும் வேலை நடக்கிறது. அந்நியன் செய்த காரியம் என்பது முக்கியம். அது அவருடைய பால்யம் அல்ல.

மற்றவர் கலிபோர்னியாவின் ஜான் ஆலன், தொழிலால் புகைப்படக்காரர். தரையிலிருந்து கூரைவரை மலைகள் எழுப்பி அவர் கட்டிய பாதைக்கு, உரக்கச் சொன்னால் ‘குருதியும் தோல்வியும்’ என்று ஆங்கிலத்தில் காதில் விழும் குறும்புப் பெயர். எஞ்சின்களுக்குத் துருவும் தூசியும் பூசினார். ஷண்டிங் செய்ய ஒரு டைனோசரையும் நிறுத்தினார். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களுக்குள் தீப்பிடித்து அநேகமாக எல்லாம் அழிந்தது. இருப்பது புகைப்படங்கள். இன்று அந்தப் படங்களைப் பார்த்து அதே பாலங்களைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டுவது ரயிலை அல்ல. ஒருவர் கட்டிய மாடலின் மாடலை.

இதைத்தான் இரண்டாம் ஏக்கம் என்பேன். முதலாவது ரயிலுக்காக, இரண்டாவது ரயில் கட்டிய நாட்களுக்காக. பெண்டனிலேயே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ராயின் கிராமத்தோடு, ஜான் ஏஹர்ன் என்பவர் 1930களில் கற்பனையில் தொடங்கிய மேடர் வேலி ரயில்வேயையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கும் இல்லாத ஊர். அதன் அட்டைச் சுவர்கள் இப்போது புராதனச் சின்னங்கள். பழிக்க வேண்டிய காரியமல்ல. ஆனால் ஏஹர்ன் அட்டையை எடுத்தது அட்டையின்மேல் பக்தி கொண்டு அல்ல. மனதில் இருந்த ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் விட்டுச்சென்றதில் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டால் மிஞ்சுவது பக்தி மட்டும்தான்.

அளக்கிற ஏக்கம் ஒன்று, அளக்க மறுக்கிற ஏக்கம் ஒன்று. அளக்கிறவன் தன் நினைவையே சந்தேகிக்கிறான். அதனால்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போகிறான். மற்றவனுக்கு நினைவே சாட்சி, நினைவே தீர்ப்பு. பழைய நாட்களை எழுத உட்காரும் எவனிடமும் நான் முதலில் கேட்க விரும்புவது, அந்த ஜன்னலின் அகலம் எவ்வளவு என்பதைத்தான்.