முதல் அறுவையும் அடுத்த கருவும்: கீழ்நிலை நச்சுக்கொடி குறித்து ஓர் ஆய்வு

நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியபடி அமைந்துவிடும் நிலையை மருத்துவர்கள் பிளசென்டா பிரீவியா என்பர். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரத்தப்போக்கு தொடங்கியபின் செய்யவேண்டியதைச் சுற்றியே அமைகிறது. இக்கட்டுரையின் வாதம் அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது. இந்நிலையில் தாய்க்கும் சேய்க்கும் நேரும் மிகக் கொடிய தீங்குகள் பலவற்றின் வேர் முந்தைய சிசேரியனில் இருக்கிறது. ஆகவே, தடுப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஏறத்தாழ 200 கர்ப்பங்களில் ஒன்றில் இந்நிலை பேறுகாலம்வரை நீடிக்கிறது. இருபதாம் வார ஸ்கேனில் ‘நச்சுக்கொடி கீழே இருக்கிறது’ என்று கேட்டுக் கலங்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு, கருப்பை வளர வளர அது மேலே விலகிவிடும். விலகாதவர்களுக்குக் கடைசி மாதங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போது நச்சுக்கொடி பிரிந்து, வலியே இல்லாமல் இரத்தம் போகும். பிள்ளை பிறந்த பின்னும் ஆபத்து ஓயாது. கருப்பையின் மேற்பகுதி சுருங்கி இரத்தக் குழாய்களை நெரித்து அடைக்கும். தசை குறைந்த கீழ்ப்பகுதிக்கு அந்த வலு இல்லை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது என்பதை நினைத்தால், சில நிமிடத் தாமதமும் எத்தகையது என்பது விளங்கும். இரத்தசோகையுள்ள தாய்க்கு அந்த இழப்பைத் தாங்கும் இருப்பும் இல்லை.

சேய்க்கு நேரும் தீங்கு முக்கியமாகக் குறைமாதப் பிறப்பின் வழியே வருகிறது: முதிராத நுரையீரல், மூச்சுத்திணறல், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கள். முன்பெல்லாம் இரத்தப்போக்கு கண்டதுமே பிரசவத்தை முடித்துவிடுவது வழக்கமாக இருந்தது. பெல்ஃபாஸ்ட் நகரின் மகப்பேறு மருத்துவர் மெக்காஃபி, 1945இல் வெளியிட்ட கட்டுரையில் மாற்றுவழி காட்டினார். விரல்விட்டுச் சோதிக்காமல், தாயை மருத்துவமனையிலேயே இருத்தி, இரத்தத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு காத்திருந்தால் இருவரையும் காக்கலாம் என்று அவர் நிறுவினார். சிக்கலில்லாத பிரீவியாவில் இன்று 36, 37 வாரம்வரை காத்திருக்க முடிவதற்கு அதுவே அடிப்படை.

சிசேரியன் தழும்பு இந்தக் காத்திருப்பைக் குலைக்கிறது. தழும்பின்மேல் பதியும் நச்சுக்கொடி கருப்பைச் சுவருக்குள் வேரூன்றிவிடலாம். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 30,000க்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்தது. பிரீவியா உள்ளவர்களில், முதல் சிசேரியனின்போது 3 சதவீதத்தினருக்கே இந்த வேரூன்றல் இருந்தது. இரண்டாவதில் அது 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61 சதவீதமாக உயர்ந்தது. இத்தகைய தாய்க்கு 34, 35 வாரங்களிலேயே பிரசவம் திட்டமிடப்படுகிறது. பலருக்குக் கருப்பையையே அகற்ற நேர்கிறது. காத்திருப்பு சேய்க்கு ஈட்டித் தந்த வாரங்களைத் தழும்பு பறித்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது நேரடியான கேள்வி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கு 2015–16இல் 34.1 சதவீதமாக இருந்த சிசேரியன் பிறப்புகள் 2019–21இல் 44.9 சதவீதமாயின; தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். பிரீவியா சிசேரியனே ஆகாதவர்களுக்கும் வருகிறது. வயது, பல பேறுகள், இரட்டைக் கரு, புகைபிடித்தல் ஆகியனவும் காரணங்கள்தாம். நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கையில் உயிர்காப்பதும் சிசேரியனே. இவை உண்மை. எனினும், நம்மால் மாற்றக்கூடிய காரணங்களுள் தேவையற்ற முதல் சிசேரியனே முதன்மையானது.

எனவே மூன்று கடமைகள் எழுகின்றன. முதல் சிசேரியனுக்கு ஒப்புதல் பெறும்போதே அடுத்த கர்ப்பத்தின் ஆபத்தையும் தாய்க்கு விளக்க வேண்டும். ஒவ்வொரு முதல் சிசேரியனின் காரணமும் தணிக்கைக்கு உட்பட வேண்டும். தழும்புள்ள கர்ப்பிணிக்கு நச்சுக்கொடி கீழே இருந்தால், அது வேரூன்றியுள்ளதா என்பதை ஸ்கேனில் குறிப்பாகத் தேடி, ஐயமிருப்பின் இரத்த வங்கியும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் உள்ள மையத்துக்கு இரத்தப்போக்கு வருமுன்பே அனுப்ப வேண்டும். ஒரு பேற்றின் வெற்றியை அந்த நாளோடு கணக்குமுடிக்கும் மருத்துவம், அதே தாயின் அடுத்த பேற்றுக்கும் பொறுப்பேற்றாக வேண்டும்.