புள்ளலூர் போர்க்களம்

புள்ளலூர் போர்க்களம் என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் நகருக்கு வடக்கே, ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ள புள்ளலூர் என்னும் சிற்றூரையும் அதனைச் சூழ்ந்த வயல்வெளிகளையும் குறிக்கும். இங்கு மூன்று முக்கியப் போர்கள் நடைபெற்றன. முதலாவது 7 ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தது. மற்ற இரண்டும் 1780, 1781 ஆம் ஆண்டுகளில் மைசூர்ப் படைகளுக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் இடையே நிகழ்ந்தவை. ஆங்கில நூல்களில் இவ்வூர்ப் பெயர் திரிந்து வழங்கியதால், அவற்றிலிருந்து மொழிபெயர்த்த தமிழ் நூல்கள் சிலவற்றில் "பொள்ளிலூர்" என்று காணப்படுகிறது. இரண்டும் ஓரூரே.

பல்லவர் – சாளுக்கியர் போர்

முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் வாதாபிச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின் மீது படையெடுத்தான். மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மைப் பகைவரை அழித்தான் எனப் பிற்காலப் பல்லவரின் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. ஆனால் கி.பி. 634-35 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐகொளெக் கல்வெட்டோ, பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒளிந்துகொண்டான் என்கிறது. இரண்டும் அரசவைப் புகழுரைகள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். காசக்குடிச் செப்பேடு பகைவரின் பெயரைச் சொல்லவில்லை. அது புலிகேசியையே குறிப்பதாக வரலாற்றாய்வாளர் பலர் கருதுகின்றனர். தலைநகர் பல்லவர் கையிலேயே எஞ்சியது, வட பகுதிகள் கைநழுவின என்று கொண்டால் இரு கூற்றுகளும் ஓரளவு பொருந்தும். மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் 642 ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கைப்பற்றினான்.

1780 ஆம் ஆண்டுப் போர்

1780 சூலையில் ஐதர் அலி செங்கம் கணவாய் வழியாகப் பெரும்படையுடன் கருநாடகப் பகுதிக்குள் இறங்கி, பின்னர் ஆற்காட்டை முற்றுகையிட்டார். பக்சார் போரில் (1764) வென்ற எக்டர் மன்றோ கம்பனிப் படையுடன் காஞ்சிபுரத்தில் முகாமிட்டார். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில் வந்துகொண்டிருந்த மற்றொரு படை அங்கு அவருடன் சேரவேண்டும் என்பது திட்டம்.

இத்திட்டத்தைக் குலைத்தது ஓர் ஆறு. ஆகத்து 25 அன்று கொசத்தலையாற்றை அடைந்த பெய்லி, நீர் குறைவாக இருந்தும் அன்றே கடவாமல் வடகரையில் தங்கினார். இரவில் வெள்ளம் பெருகிற்று. செப்டம்பர் 3 வரை அவரால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. இந்த இடைவெளியில் ஐதர் அலி ஆற்காட்டு முற்றுகையை விட்டு, தாமலுக்கு அருகிலுள்ள முசரவாக்கத்திற்கு வந்து மன்றோவை எதிர்நோக்கி நின்றார். ஆற்காட்டிலிருந்து காஞ்சிபுரம் வரும் பாதை தாமல் வழியாகச் செல்வதால், இவ்விடத்தில் நின்ற படைக்கு மேற்குத் திசை முழுவதும் திறந்திருந்தது. பெய்லியைத் தடுக்க மகன் திப்பு சுல்தானை அனுப்பினார்.

செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். பெய்லி பின்வாங்கவில்லை, எனினும் துணைப்படையின்றி முன்னேற இயலாது என எழுதி அனுப்பினார். காஞ்சிபுரத்துக் கோயிலில் சேமித்திருந்த தானியத்தை விட்டு நகர விரும்பாத மன்றோ, கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேரை மட்டும் அனுப்பினார். செப்டம்பர் 9 அன்று அவர்கள் வந்து சேர்ந்தபின் பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தனர். அவருள் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்கள்.

அன்றிரவே படை புறப்பட்டது. ஆயினும் பெய்லி வழியில் நிறுத்தி விடியலுக்குக் காத்திருந்தார். இம்முடிவு பின்னர் மிகுதியும் பழிக்கப்பட்டது. செப்டம்பர் 10 காலையில் திப்புவின் பீரங்கிகளும் ஏவுகணைகளும் தாக்கின. ஐதர் அலியின் முதன்மைப் படையும் வந்து சூழ்ந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும் கம்பனிப் படையின் பீரங்கிகள் பயனற்றுப் போயின. வண்டிகள் ஏவுகணையால் வெடித்தன என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், பீரங்கிக் குண்டுகளே காரணம் என்போரும் உளர். பிளெட்சர் கொல்லப்பட்டார். பெய்லி சரணடைந்தார். ஏறத்தாழ 200 ஐரோப்பியர் சிறைப்பட்டனர்.

மன்றோ அன்று காலை புறப்பட்டும் உரிய நேரத்தில் களத்தை அடையவில்லை. தப்பி வந்த சிப்பாய் ஒருவர் மூலம் செய்தியறிந்து திரும்பினார். பின்னர் கனரகப் பீரங்கிகளைக் கோயிற் குளத்தில் எறிந்துவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். பெய்லி 1782 நவம்பரில் சீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். அவருடன் பிடிபட்ட டேவிட் பேர்டு 44 மாதங்கள் சிறையிலிருந்து 1784 இல் விடுதலையானார். 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவர் இவரே.

1781 ஆம் ஆண்டுப் போர்

அடுத்த ஆண்டு அயர் கூட் தலைமையில் கம்பனிப் படை வந்தபோது, முந்தைய வெற்றியின் நினைவால் ஐதர் அலி இதே இடத்தைத் தேர்ந்தார் என்பர். ஆகத்து 27 அன்று நடந்த இப்போரில் ஓடைகளும் புதர்களும் கூட்டின் பார்வையை மறைத்தன. மாலையில் மைசூர்ப் படை விலகியது. எனினும் எவருக்கும் முடிவான வெற்றி கிட்டவில்லை. முந்தைய ஆண்டில் இறந்தோரின் எலும்புகள் புதைக்கப்படாமல் கிடந்ததைக் கம்பனிப் படையினர் கண்டதாக அக்காலக் குறிப்புகள் தெரிவிக்கின்றன.

நினைவுச் சின்னங்கள்

1781 இல் இறந்த லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் இசுலாப் ஆகிய இரு அதிகாரிகளுக்கு எழுப்பப்பட்ட உயர்ந்த நினைவுத் தூண்கள் புள்ளலூரில் உள்ளன. 1780 இல் மடிந்த சிப்பாய்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. இரு தரப்பிலும் போரிட்டு இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் இம்மண்ணைச் சேர்ந்தவர்களே என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

திப்புவின் வெற்றியை நினைவுகூரும் சின்னம் களத்தைவிட்டு வெகு தொலைவில் இருக்கிறது. சீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் பேரோவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. பல்லக்கில் அமர்ந்த பெய்லியையும் வெடிக்கும் மருந்து வண்டியையும் அதில் காணலாம். இவ்வோவியம் பின்னாளில் மீண்டும் தீட்டப்பட்டது. இக்காட்சியைத் தாளில் வரைந்த பெரிய ஓவியமொன்று 2022 இல் இலண்டனில் 6,30,000 பவுனுக்கு ஏலம் போனது.

களத்தைக் காணல்

ஐரோப்பாவின் வாட்டர்லூ போன்று அருங்காட்சியகமோ வழிகாட்டிப் பலகைகளோ கொண்ட போர்க்களமன்று இது. நெல் வயல்கள், ஏரிக்கரைகள், பனைகள் ஆகியவற்றின் ஊடே நடந்தே இதனை அறிய வேண்டும். பேரம்பாக்கத்திலிருந்து தெற்கு நோக்கிப் புள்ளலூருக்கு நடப்பது பெய்லி சென்ற திசையை ஓரளவு பின்பற்றுவதாகும். ஒரு பகலில் கடக்கக்கூடிய இத்தொலைவை அவரது படையால் கடந்து காஞ்சியை அடைய முடியவில்லை. பெருமழைக் காலத்தில் வரப்புகளும் கரைகளும் வழுக்கும். சனவரி முதல் நடப்பது எளிது. அருகிலுள்ள கூரத்தில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் சிவன் கோயில் உள்ளது. மேற்கே, பெரிய ஏரியும் வராகீசுவரர் கோயிலும் கொண்ட தாமலுக்குச் சென்றால், ஐதர் அலி முசரவாக்கத்தில் நின்று காஞ்சியை நோக்கிய சமவெளியைக் காணலாம்.