ஆன்லைன் கோர்ஸை பாதியில் விடுறீங்களா? வாட்ஸ்அப், டெலிகிராமை இப்படி யூஸ் பண்ணுங்க!

ஆர்வமா சேர்றோம். முதல் வாரம் எல்லா வீடியோவையும் பார்க்குறோம். மூணாவது வாரம், 'அப்புறம் பார்த்துக்கலாம்'! இது உலகம் முழுக்க நடக்கும் கதைதான். ஹார்வர்டு, எம்.ஐ.டி-யின் ஆன்லைன் கோர்ஸ்களில் 2017-18-ல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவிகிதம் பேர்தான் முடித்தார்கள்.

தர்மபுரி மாவட்டம் ஏரியூர் மாதிரி ஊரில் இருக்கும் மாணவருக்கு, ஐ.ஐ.டி பேராசிரியரின் பாடம் போனிலேயே கிடைப்பது பெரிய விஷயம். ஆனா, சந்தேகம் கேட்க பக்கத்தில் ஆள் இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க சோஷியல் மீடியா உதவும்.

அசைன்மென்ட்டை விட்டா சான்றிதழ் இல்லை!

என்.பி.டி.இ.எல் கோர்ஸ்களில் பொதுவா அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். அசைன்மென்ட்டில் குறைந்தது 10 வாங்கணும். அது இல்லைன்னா, தேர்வை நல்லா எழுதினாலும் சான்றிதழ் கிடைக்காது. வாராவாரம் 'முடிச்சிட்டியா?'ன்னு கேட்க நாலு பேர் இருந்தா, இந்தச் சிக்கலே வராது.

மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்திலும் வீடியோ, பாடக்குறிப்பு, சுயமதிப்பீட்டுத் தேர்வு ஆகியவற்றோடு கலந்துரையாடலும் பாடத்தின் ஒரு பகுதிதான். சென்னை ஐ.ஐ.டி 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பில், மாணவர்களை நீலகிரி, பிச்சாவரம் போன்ற பெயர்களில் 'ஹவுஸ்'களாகவே பிரிச்சிருக்காங்க.

குரூப் உயிரோட இருக்க...

* ஒரே கோர்ஸ் படிக்கும் 5 முதல் 8 பேர் போதும். கூட்டம் கூடினா எல்லோரும் வேடிக்கைதான் பார்ப்பாங்க.
* 'குட் மார்னிங்' படங்களுக்குத் தடை!
* வாரம் ஒருத்தர் பொறுப்பு. பாடத்தைச் சுருக்கி 2 நிமிட வாய்ஸ் நோட்டா போடணும். வீடியோவைவிட டேட்டா குறைவாத்தான் செலவாகும்.
* டெலிகிராமின் 'குவிஸ்' வசதியில் தினமும் ஒரு கேள்வி போடுங்க. தப்பான பதில்தான் விவாதத்தைக் கிளப்பும்.
* அசைன்மென்ட் விடையை ஷேர் பண்ணாதீங்க, அது காப்பி. எப்படி யோசிக்கணும்னு சொல்லிக் கொடுங்க.

நம்பர் பத்திரம்!

வாட்ஸ்அப் குரூப்பில் உங்க நம்பர் மத்தவங்களுக்குத் தெரியலாம். முன்பின் தெரியாதவங்க இருந்தா, டெலிகிராம் செட்டிங்ஸில் நம்பரை மறைச்சிட்டு சேருங்க. தேர்வுக் கட்டணத்தை கோர்ஸின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் கட்டுங்க. குரூப்பில் வரும் லிங்க்கில் வேண்டாம்.

அடுத்த கோர்ஸில் சேரும்போது, கூடவே ரெண்டு ஃப்ரெண்ட்ஸையும் சேர்த்துவிடுங்க!