ரேடியம் கட்டிங் கடையில் ரேடியம் இல்லை

போன மாசம் என் பழைய சான்ட்ரோவின் டேஷ்போர்டுக்கு ஒரு சின்ன வேலை பார்த்தேன். ஏசி நாப் பக்கத்தில் இருந்த படங்கள் எல்லாம் தேய்ந்துபோய், எது ஃபேன், எது ஹீட்டர்னே தெரியலை. ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ஹைவே ஓரமா ஒரு கடை. போர்டில் 'ரேடியம் கட்டிங்' என்று இருந்தது. ஒரு வகையில் வண்டிக்கு அது சொந்த ஊர். ஹூண்டாய் 1998ல் முதல் சான்ட்ரோவை வெளியிட்டது பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்துதான்.

கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு வினைல் கட்டர். கட்டர் பார்க்க பிரிண்டர் மாதிரி இருக்கும். ஆனா இங்க் கிடையாது, அந்த இடத்தில் ஒரு குட்டி பிளேடு. நாம் வரைந்த கோடு எக்ஸ், ஒய் புள்ளிகளா மெஷினுக்குப் போகும். ரோலர் ஷீட்டை முன்னும் பின்னும் இழுக்கும், பிளேடு இடமும் வலமும் ஓடும். மேலே உள்ள வினைல் மட்டும் வெட்டுப்படும், அடிப் பேப்பர் அப்படியே இருக்கும். மீதி எல்லாம் கைவேலை. வேண்டாத பகுதியை ஊசியால் உரித்து, டேப்பில் தூக்கி ஒட்டணும்.

அந்த போர்டைப் பார்த்துக் கேட்டேன், "அண்ணா, இதுல நிஜமாவே ரேடியம் இருக்கா?"

"பேருதான் தம்பி ரேடியம். லைட் பட்டா மின்னும், அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரி. பஸ், லாரி பின்னால் ஒட்டும் அந்த ஷீட்டில் இருப்பது நுண்ணிய கண்ணாடி மணிகள். ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். தானா ஒளிராது. அப்போ இந்தப் பேர் எப்படி? அந்தக் கதை தொடங்குவதும் ஒரு டேஷ்போர்டில்தான்.

1898ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைத் துத்தநாக சல்ஃபைடோடு கலந்தால் இருட்டில் தானே ஒளிரும் பெயின்ட் கிடைக்கும். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் வாட்ச்சுக்கும் விமானத்தின் டயல்களுக்கும் அது தேவைப்பட்டது. இருட்டில் தெரிவதற்கெல்லாம் ரேடியம்னு பேர் வந்தது இந்த டயல்களால்தான்.

1917ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆரஞ்ச் என்ற ஊரில் அந்த ஆலை தொடங்கியது. டயலில் எண்களை வரைந்தது இளம்பெண்கள். நுனி கூராக இருக்கணும்னு பிரஷ்ஷை உதட்டில் வைத்து முனையைச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒண்ணும் ஆகாது என்றார்கள். அதே ஆலையில் வேதியியலாளர்கள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால்தான் ரேடியத்தைத் தொட்டார்கள்.

ரேடியம் கால்சியம் மாதிரி நடந்துகொள்ளும். உடம்பு அதை எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். முதலில் பல் விழுந்தது, அப்புறம் தாடை எலும்பே நொறுங்கியது. கிரேஸ் ஃப்ரையர் என்ற தொழிலாளி வழக்குப் போட ஒரு வக்கீலைத் தேடியே இரண்டு வருஷம் அலைந்தார். 1927ல் வழக்கு, கூட இன்னும் நான்கு பெண்கள். 1928ல் நீதிமன்றத்துக்கு வந்தபோது சிலருக்குச் சத்தியம் செய்யக் கை தூக்கவே முடியவில்லை. அந்த வருஷமே சமரசம். ஆளுக்கு 10,000 டாலர், வருஷத்துக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. கிரேஸ் 1933ல் இறந்தார், வயது 34. ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். அந்த எலும்புகளில் அது இன்னமும் இருக்கு.

இதை ஏன் ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சொல்றேன்? 2006ல் நோக்கியா ஆலை வந்ததில் இருந்து இந்த ரோட்டில் ஷிப்ட் பஸ் ஏறும் ஆயிரக்கணக்கானவர்கள் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயில் விழ, பாக்ஸ்கான் தொழிலாளர்கள் இதே ஹைவேயில் மறியலில் உட்கார்ந்தார்கள். அங்கே பெயின்ட், இங்கே சாப்பாடு. விஷயம் வேற. ஆனா "எங்க உடம்புக்கு என்ன ஆகுதுன்னு எங்களுக்குச் சொல்லுங்க" என்ற கேள்வி அதேதான்.

அந்தக் கடை அண்ணன் என் டேஷ்போர்டில் ஒட்டியது வெறும் வெள்ளை வினைல். ஃபேன் படம் இப்போ பளிச்சுனு தெரியுது. அடுத்த தடவை ஒரு ஷிப்ட் பஸ் பின்னால் ரேடியம் எழுத்து மின்னினா, அந்தப் பேருக்கு விலை கொடுத்தவர்களைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.