சுங்கை கிம் கிம்: நச்சுக் காற்றும் இழப்பீட்டுக் கணக்கும்

2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், வியாழக்கிழமை. ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங் வட்டாரத்தில் ஓடும் சுங்கை கிம் கிம் ஆற்றில் லோரி ஒன்றிலிருந்து இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆற்றை ஒட்டிய பாசிர் பூத்தே பகுதியின் இரண்டு பள்ளிகளில் மாணவர்கள் மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து மயங்கினர். ஜொகூரில் அந்நாளில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. பள்ளிகள் மூடியிருந்த அந்த இரண்டு நாள்களில் விவகாரம் அடங்கிவிட்டது போலத் தோன்றியது. ஆனால் ஆற்றில் கிடந்த கழிவு முழுவதுமாக அகற்றப்படவில்லை. 11ஆம் தேதி திங்கட்கிழமை வெயிலும் காற்றும் சேர்ந்தபோது இரண்டாவது அலை வந்தது. இம்முறை இரண்டு பள்ளிகளோடு நிற்கவில்லை. 13ஆம் தேதி பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. நகராட்சி மன்றத்தின் உள்ளரங்கமே தற்காலிக மருத்துவ முகாம் ஆயிற்று. சுமார் 6,000 பேர் மருத்துவ உதவி நாடினர்.

பாசிர் கூடாங்கில் ஏறத்தாழ இரண்டாயிரம் தொழிற்சாலைகள் உள்ளன. அவற்றில் 250 அளவிலானவை இரசாயனத் தொழிற்சாலைகள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு வேலை தேடி மாசாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் வந்து வரிசை வீடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. பிழைப்பு தரும் புகைப்போக்கியும் பிள்ளை படிக்கும் பள்ளியும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் இது.

அந்தக் காற்றில் என்ன இருந்தது என்பதுதான் இழப்பீட்டுக் கணக்கின் முதல் வரி. அந்நாள்களில் அதிகாரிகள் அறிவித்த பெயர்களில் பென்சீன், டொலுவீன், சைலீன், அக்ரோலீன், அக்ரிலோநைட்ரைல் ஆகியவை இருந்தன. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது பழைய செய்தி. 1970களிலேயே இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையைப் பயன்படுத்திய காலணித் தொழிலாளர்களிடம் இரத்தப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததைத் துருக்கிய மருத்துவர் முசாஃபர் அக்சோய் வெளிப்படுத்தினார். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அக்ரோலீனின் கதையும் அக்ரிலோநைட்ரைலின் கதையும் வேறு. அக்ரோலீன், ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற இரண்டாம் வகுப்பின் மேல்நிலைக்கு 2020இல் வந்தது. அக்ரிலோநைட்ரைல் 2024இல்தான் முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது. அதாவது, ஒரு பிள்ளை அதைச் சுவாசித்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே, அது புற்றுநோய்ப் பொருள் என்பதை அறிவியல் உறுதியாகச் சொன்னது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பென்சீன் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்த தொழிலாளர்களிடமிருந்து கிடைத்தது. சில நாள்கள் சுவாசித்தவருக்கு அதே அளவு ஆபத்து என்று சொல்வதற்கில்லை. எனவே பாசிர் கூடாங்கில் எவருக்கேனும் புற்றுநோய் வந்தால் அதற்குக் காரணம் கிம் கிம்தான் என்று அடித்துச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ‘கிம் கிம்முக்குத் தொடர்பே இல்லை’ என்று கைகழுவுவதும் அதே அளவு பொறுப்பற்றதுதான். இரண்டில் எது உண்மை என்று சொல்ல, அன்று அங்கே இருந்தவர்கள் யார், எவ்வளவு சுவாசித்தார்கள், பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற பதிவு வேண்டும்.

சட்டம் என்ன செய்தது? குலாயில் பழைய டயர்களைப் பதப்படுத்தும் ஆலையோடு இக்கழிவு தொடர்புபடுத்தப்பட்டு, அந்த மார்ச் மாதத்திலேயே லோரி ஓட்டுநரும் நிறுவன இயக்குநர்களும் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி, அட்டவணைக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுவதற்கு அப்போது ஐந்து இலட்சம் வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் இருந்தன. 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, கடும் குற்றங்களுக்கான அபராதத்தின் உச்ச வரம்பு ஒரு கோடி வெள்ளியாக உயர்ந்தது. வரவேற்க வேண்டியதே. ஆனால் அபராதம் போய்ச் சேருமிடம் அரசாங்கக் கருவூலம். மூச்சுத் திணறிய பிள்ளையின் தாய்க்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. இழப்பீடு வேண்டுமென்றால் அவர் தனியாக சிவில் வழக்குத் தொடுக்க வேண்டும். 2019லேயே 160 குடியிருப்பாளர்கள் நிறுவனத் தரப்பையும் அரசுத் தரப்பையும் எதிர்த்து ஜொகூர் பாரு உயர்நீதிமன்றத்துக்குச் சென்றனர். ஆறாயிரம் பேரில் 160 பேர்.

மற்றவர்கள் ஏன் போகவில்லை? உடம்பு தேறிவிட்டது, வழக்குச் செலவுக்கு வழியில்லை, வேலை செய்யும் இடத்தோடு பகை எதற்கு என்று காரணங்கள் பல இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், தேறிவிட்டவருக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி இத்தகைய வழக்குகளுக்கு ஆறு ஆண்டுகள்தான் கெடு. அரசு அதிகாரிகளை எதிர்த்து வழக்குப் போடுவதானால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. அதன்படி 36 மாதங்களே அவகாசம். 2019 மார்ச்சில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு அரசுத் தரப்பை எதிர்க்கும் கெடு 2022 மார்ச்சோடும், நிறுவனத்தை எதிர்க்கும் கெடு 2025 மார்ச்சோடும் முடிந்துபோனது. அதே நச்சால் பின்னாளில் வரும் புற்றுநோய்க்குத் தனிக் கெடு உண்டா என்பது வழக்கறிஞர்கள் போராடி வாதிட வேண்டிய கேள்வி. பல புற்றுநோய்கள் தலைகாட்டப் பத்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன.

நாடாளுமன்றம் இதை அறியாமல் இல்லை. பாதிப்பு தாமதமாகத் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டு அவகாசம் தரும் திருத்தம் ஒன்று 2018இல் நிறைவேறி, 2019 செப்டம்பர் 1ஆம் தேதி, கிம் கிம் நிகழ்ந்து ஆறு மாதங்கள்கூட ஆகாத நிலையில், நடைமுறைக்கு வந்தது. படித்தால் நிம்மதி பிறக்கும். ஆனால் அப்பிரிவின் வாசகமே, உடற்காயம் சம்பந்தப்படாத கவனக்குறைவு வழக்குகளுக்கு மட்டும் என்கிறது. சுவரில் மறைந்திருந்த விரிசல் காலம் கடந்து தெரிந்தால் வீட்டுக்காரருக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. நுரையீரலில் மறைந்திருந்த விரிசலுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. இதைவிட விசித்திரமான ஏற்பாடு வேறு இருக்க முடியுமா?

மலேசியாவுக்கு இது முதல் பாடமும் அல்ல. பேராக் மாநிலம் புக்கிட் மேராவில் 1982இல் ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்துக்கு அதில் பங்கு. அரிய மண் கனிமங்களைப் பிரித்தபின் மிஞ்சிய கழிவில் கதிரியக்கத் தோரியம் இருந்தது. 1985இல் எட்டுக் குடியிருப்பாளர்கள் ஊர்மக்கள் சார்பில் ஈப்போ உயர்நீதிமன்றம் சென்றார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் துணை நின்றது. வழக்கறிஞர் மீனாட்சி ராமன் அவர்களுக்காக வாதாடினார். டாக்டர் ஜெயபாலன் கிராமத்துக் குழந்தைகளைப் பரிசோதித்து, இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை எடுத்துவைத்தார். அரசோ ஆலையோ எழுதிவைக்காத நோய்க் கணக்கை ஊராரும் ஒரு சங்கமும் ஒரு மருத்துவருமாகச் சேர்ந்து எழுத வேண்டியிருந்தது.

1992 ஜூலை 11இல் நீதிபதி பே சுவீ சின் ஆலையை மூட உத்தரவிட்டார். ஊர் கொண்டாடியது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னதே நம்பத்தக்கது என்றும், மக்கள் அணுசக்தி உரிம வாரியத்திடம் முறையிட்டிருக்கலாம் என்றும் கூறிவிட்டது. இருந்தும் அடுத்த மாதமே நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது. சட்டத்தில் தோற்று ஊரில் வென்ற வழக்கு அது. ஆனால் நோயாளிகளுக்கு என்ன கிடைத்தது? சுமார் 11,000 பேர் வாழ்ந்த அந்தச் சமூகத்தில் ஐந்தாண்டுகளுக்குள் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதாகவும், அவர்களில் ஏழு பேர் இறந்ததாகவும் ‘நியூயார்க் டைம்ஸ்’ 2011இல் எழுதியது. மண்ணைத் தூய்மைப்படுத்த ஆன செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். நோய்களுக்குத் தான் பொறுப்பல்ல என்று மறுத்துக்கொண்டே மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனம் ஊர்ப் பள்ளிகளுக்கு நன்கொடையாகத் தர ஒப்புக்கொண்டது 1,64,000 டாலர். மண்ணின் விலையும் மனிதரின் விலையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டுவிட்டன.

போபாலில் நிலை மேலா? 1984 டிசம்பர் இரவு வெளியான நச்சு வாயுவுக்கு 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. புற்றுநோயாளிகளுக்குத் தலா இரண்டு இலட்சம் ரூபாய் என்று தனியாக ஒதுக்க இந்திய அரசு முடிவெடுத்தது 2010இல். இடையில் 26 ஆண்டுகள். கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

நியூயார்க்கில் வேறு வழியில் போனார்கள். 2001 செப்டம்பர் 11இல் இரட்டைக் கோபுரங்கள் சரிந்து எழுந்த தூசியைச் சுவாசித்தவர்களின் பெயர்களைப் பதியும் ஏடு மறு ஆண்டே அமைக்கப்பட்டது. 71,000க்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். 2011இல் உதவிச் சட்டம் வந்தபோது அதன் பட்டியலில் புற்றுநோய் இல்லை. ‘ஆதாரம் போதாது’ என்றார்கள். அடுத்த ஆண்டு ஏறத்தாழ ஐம்பது வகைப் புற்றுநோய்கள் சேர்க்கப்பட்டன. அந்த ஏட்டின் துணையோடு செய்யப்பட்ட ஆய்வுகளும் தொடர்ந்த மருத்துவப் பரிசோதனைகளும் விவாதத்துக்கு அடித்தளமாயின. இழப்பீடு கோருபவர், தம் புற்றுநோய்க்கு இந்தத் தூசிதான் காரணம் என்று ஒரு நீதிமன்றத்தில் நிரூபித்து நிற்க வேண்டியதில்லை. அந்த நாள்களில் அந்த இடத்தில் இருந்ததையும், பட்டியலில் உள்ள நோய் தமக்கு இருப்பதையும் காட்டினால் வழி திறக்கிறது. நிதியம் 2090ஆம் ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்புச் சட்டம் கையெழுத்தானதும் 2019 ஜூலையில்தான். அமெரிக்கா பணக்கார நாடு, ஒப்பிடலாமா என்று கேட்கலாம். பணம் வேண்டியது பின்னால். பெயர்ப் பதிவேடு ஒன்றைத் திறக்க அவ்வளவு பணம் தேவைப்படாது.

பாசிர் கூடாங்கின் பெயர்கள் மருத்துவமனை ஏடுகளிலும் அந்த உள்ளரங்கத்தில் எழுதப்பட்ட தாள்களிலும் இருக்கின்றன. 2019இல் பத்து வயதில் மயங்கி விழுந்த பிள்ளைக்கு 2027இல் 18 வயது ஆகும். காலவரம்புச் சட்டம் சிறார்களுக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. நிறுவனத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்க ஆறாண்டுக் கெடு அவர்களுக்கு 18 வயதிலிருந்துதான் தொடங்கும். ஆக அந்தப் பிள்ளைக்கு 2033 வரை கதவு திறந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு அது 2025லேயே மூடிவிட்டது. அன்று முகாமில் கொடுத்த மருத்துவச் சீட்டு அந்த வீட்டில் இன்னும் பத்திரமாக இருந்தால், அதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது.