உப்பும் அளவும்

நான் மருந்துக்கடைக்காரன், டாக்டர் இல்லை. ஆனாலும் என் கடை அலமாரியில் லித்தியம் அளவுக்கு விசித்திரமான பூர்வீகம் கொண்ட மாத்திரை வேறு இல்லை.

மெல்போர்ன் நகரின் பண்டூரா மனநல மருத்துவமனையில் ஜான் கேட் என்று ஒரு மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சிங்கப்பூரின் சாங்கியில் மூன்றரை ஆண்டு கைதியாக இருந்தவர். பித்தேறி ஆடும் நோயாளிகளின் உடம்பில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் கணிப்பு. அவர்களின் சிறுநீரை கினிப் பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்க்க நினைத்தார், ஆனால் அது தண்ணீரில் லேசில் கரையாது. அதற்காக லித்தியத்தைச் சேர்த்தார். துள்ளும் பன்றிகள் சாதுவாகிப் படுத்தன. தேடிய நஞ்சு அகப்படவில்லை, மருந்து அகப்பட்டது. முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். 1948 மார்ச் 29 அன்று ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்.

அந்த மனிதருக்கு 51 வயது. ஐந்து ஆண்டாக அடங்காத ஆர்ப்பாட்டம். ஜூலையில் வீடு திரும்பி, பழைய வேலையிலேயே சேர்ந்தார். பிறகு மாத்திரையை விட்டார். ஆறு மாதத்தில் மறுபடி மருத்துவமனை. திரும்பக் கொடுத்த லித்தியமே உடம்பில் நஞ்சாக ஏறி, 1950-இல் இறந்தார். மனம் நொந்த கேட், அதைக் கொடுப்பதையே நிறுத்தினார். அமெரிக்காவிலும் 1949-இல், சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு சேர்த்துக்கொண்ட இதய நோயாளிகள் சிலர் இறந்திருந்தார்கள்.

மருந்தை மீட்டது ரத்தப் பரிசோதனைதான். மெல்போர்னில் ட்ராட்னர் என்ற ஆய்வாளர் ரத்தத்தில் லித்தியத்தை அளந்து அளந்து கொடுத்தார். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ 1954-இல் முறையான ஆய்வை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதித்தது 1970-இல்.

மனம் உச்சிக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோய்க்கு இன்றும் இது முக்கியமான மருந்து. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. வயிற்றுப்போக்கு, சித்திரை வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றுவது, உப்பில்லாப் பத்தியம், மூட்டுவலிக்கு வாங்கும் ஐபுப்ரோஃபென், எல்லாமே அளவை ஏற்றும். கை நடுக்கம் கூடி, வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதனால் சீட்டோடு வருபவரிடம், "கடைசியா ரத்தம் எப்போ பார்த்தீங்க? தைராய்டு, கிட்னி டெஸ்ட்?" என்று கேட்பேன். "இப்ப நல்லாத்தானே இருக்கான், நிறுத்திடலாமா சார்?" என்று கேட்கும் அம்மாவிடம் பண்டூராக்காரர் கதையைச் சொல்லி, டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீங்கம்மா என்பேன். எங்கே போவதென்றே தெரியாதவர்களுக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 எழுதித் தருகிறேன்: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.